வாசகர் கேள்வி பதில்: உறவின் பெயரில் வரும் மோசடி அழைப்புகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. மகன், அண்ணன் மகன், அப்பாவின் நண்பர், சித்தி என்று உறவின் பெயரைச் சொல்லிக்கொண்டு தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து பணம் பறிப்பவர்களைப் பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதி வெளியிடவில்லை. இதைப் படிப்பவர்களில் யாரேனும் நேற்றோ இன்றோ பணத்தை இழந்திருந்தால், முதலில் இணைய நிதி மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு மேலே படியுங்கள்.

கேள்வி: என் மகன் கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற மாதம் ஒரு நாள் முற்பகலில் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. காவல் சீருடையில் இருக்கும் ஒருவரின் படம் அந்த எண்ணில் இருந்தது. பேசியவர் என் மகன் பெயரைச் சரியாகச் சொல்லி, அவன் நண்பர்களோடு போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டிருப்பதாகவும், முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்குள் பணம் அனுப்பினால் அவனை மட்டும் விட்டுவிடுவதாகவும் கூறினார். நடுவில் "அம்மா, காப்பாத்தும்மா" என்று அழும் குரலும் கேட்டது. இரண்டு தவணையாக 80,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். அந்த நேரத்தில் மகன் வகுப்பில் இருந்திருக்கிறான் என்பது மாலையில்தான் தெரிந்தது. பெற்ற தாய்க்கு மகன் குரல் தெரியாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். லஞ்சம் கொடுக்க முயன்றதாக என் மீதே வழக்கு வருமோ என்று அஞ்சி இதுவரை புகார் கொடுக்கவில்லை. அந்தக் குரல் எப்படி வந்தது? பணம் திரும்பக் கிடைக்குமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் வீட்டாருக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அழுகையில் ஒருவருடைய குரலின் அடையாளங்கள் பெருமளவு மறைந்துவிடுகின்றன. இருபது வயது இளைஞர்கள் பலரும் விம்மி அழும்போது ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கேட்கும். பெயரை முன்கூட்டியே சொல்லி, அவன் ஆபத்தில் இருக்கிறான் என்று நம்பவைத்து, இரண்டு மூன்று நொடிகள் மட்டும் அழுகுரலைக் கேட்கவைத்தால், மிச்சத்தைக் கேட்பவரின் மனமே நிரப்பிக்கொள்ளும். இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. அதற்கு மேல், சில நொடிப் பேச்சுப் பதிவை வைத்துக்கொண்டு ஒருவரின் குரலைப் போலவே பேசவைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது எளிதில் கிடைக்கின்றன. 2024ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றத் தடுப்புப் பிரிவு இதைக் குறித்து மக்களை எச்சரித்தது. இரண்டில் எதுவாக இருந்தாலும், உங்கள் காது தவறு செய்யவில்லை. பெற்ற தாய் அப்படித்தான் பதறுவாள் என்று கணக்கிட்டுத்தான் அந்த அழைப்பையே அமைத்திருக்கிறார்கள்.

அமைப்பைக் கவனியுங்கள். மாணவர்கள் கைப்பேசியை அணைத்தோ ஒலியடக்கியோ வைத்திருக்கும் வகுப்பு நேரத்தில் அழைக்கிறார்கள். அழைப்பைத் துண்டிக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் வழக்கு பெரிதாகிவிடும் என்று அச்சுறுத்துகிறார்கள். நீங்கள் மகனுக்கு ஒரே ஒரு முறை அழைத்துவிட்டால் அவர்கள் முயற்சி அத்தனையும் வீணாகிவிடும் என்பதால், அந்த ஒரு நிமிடத்தை உங்களுக்குத் தராமல் இருப்பதிலேயே அவர்கள் கவனம் முழுவதும் இருக்கும். மகனின் பெயரும் கல்லூரியும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தன என்று மலைக்க வேண்டாம். சமூக ஊடகப் பக்கங்கள், கைமாறும் தொலைபேசிப் பட்டியல்கள், சேர்க்கைக்காக எங்கெங்கோ நிரப்பிக் கொடுத்த படிவங்கள் ஆகியவற்றிலிருந்து இவ்வளவு விவரம் திரட்டுவது கடினமன்று.

உண்மையிலேயே ஒருவர் கைது செய்யப்பட்டால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கைது செய்த விவரத்தை உறவினர் அல்லது நண்பருக்குத் தெரிவிக்கக் காவல்துறை கடமைப்பட்டிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆகவே காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருவது நடக்கக்கூடியதே. ஆனால் அந்த அழைப்பு எந்தக் காவல் நிலையம், என்ன குற்றச்சாட்டு என்பதைச் சொல்லும், பணம் கேட்காது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு தரும் உரிமை. ஜாமீனுக்கென்று யாருடைய தனிப்பட்ட யுபிஐ எண்ணுக்கும் பணம் அனுப்பும் நடைமுறை இந்நாட்டில் எங்கும் இல்லை. இத்தகைய அழைப்பு வந்தால், காவல் நிலையத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு துண்டித்துவிடுங்கள். மகனுக்கு அழையுங்கள், அவன் எடுக்காவிட்டால் அறைத் தோழன், விடுதிக் காப்பாளர், கல்லூரி அலுவலகம் என்று வரிசையாக அழையுங்கள். அப்போதும் மனம் அமைதி அடையாவிட்டால் 100 அல்லது 112க்கு அழைத்து, அந்தக் காவல் நிலையத்தில் அப்படி ஒரு கைது நடந்ததா என்று விசாரிக்கலாம்.

லஞ்ச வழக்கு வருமோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். இந்த அச்சத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் கதையைக் கட்டுகிறார்கள். பணத்தைக் கொடுத்தவர் வெட்கத்தாலும் பயத்தாலும் வாய் திறக்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். பணத்தைப் பெற்றவர் அரசு ஊழியரே அல்லர். மிரட்டி உங்களிடமிருந்து பறிக்கப்பட்ட பணம் அது. அரசு ஊழியராக நடித்ததற்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவின் கீழும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்கு அதன் 319ஆம் பிரிவு மற்றும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழும் குற்றவாளிகள் அவர்கள்தாம். நடந்ததை ஒளிக்காமல் அப்படியே எழுதிக் கொடுங்கள். "வழக்கு போடாமல் இருக்க" என்று அவர்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதற்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல விரும்பவில்லை. கணக்கில் விழுந்த பணத்தை இவர்கள் சில நிமிடங்களிலேயே பல கணக்குகளுக்குப் பிரித்து மாற்றி, எங்காவது ஓர் ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்குகளும் கமிஷனுக்காகப் பிறர் வாடகைக்குக் கொடுத்தவையாக இருக்கும். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்கள் இணையவழி நிதி மோசடிகளில் இழந்த தொகை ஏறத்தாழ 1,673 கோடி ரூபாய் என்றும், அதில் ஏறத்தாழ 771 கோடி முடக்கப்பட்டது என்றும், 83 கோடி உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டது என்றும் காவல்துறை அறிவித்தது. முடக்கப்பட்டதற்கும் திரும்பி வந்ததற்கும் உள்ள இந்த இடைவெளிக்குப் பின்னால் வங்கி நடைமுறைகளும் நீதிமன்ற உத்தரவுக்கான காத்திருப்பும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட வாடிக்கையாளர் பாதுகாப்பு நெறிமுறை, நமக்குத் தெரியாமல் நம் கணக்கிலிருந்து போன பணத்துக்கே முழுமையாகப் பொருந்தும். நாமே ரகசிய எண்ணை அழுத்தி அனுப்பிய பணத்துக்கு அதைக் காட்டி இழப்பீடு பெறுவது கடினம். இருந்தும் ஒரு மாதம் கழிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கணக்கு மற்றொரு புகாரில் முன்பே முடக்கப்பட்டு, ஒரு பகுதிப் பணம் அதில் தேங்கியிருக்க வாய்ப்புண்டு. அப்படித் தேங்கியதில் பங்கு கேட்கப் புகார் எண் உள்ளவருக்கே வழி இருக்கிறது.

கேள்வி: நான் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். "உங்க அப்பாவோட ஃப்ரெண்ட் பேசுறேம்மா, அப்பாவுக்கு நான் கொடுக்க வேண்டிய பணத்தை உன் நம்பருக்குப் போடச் சொன்னார்" என்று ஒருவர் பேசினார். உடனே 5,000 ரூபாய் வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. பிறகு 50,000 வரவு என்று மற்றொன்று வந்தது. ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது, 45,000 ரூபாயைத் திருப்பி அனுப்பு என்று பதறினார். என் கணக்கில் அவ்வளவு பணம் இல்லாததால் தப்பித்தேன். இதை எப்படி முன்பே கண்டுகொள்வது? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: உங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவாகவில்லை. அந்தக் குறுஞ்செய்திகள் இரண்டையும் அவரே தட்டச்சு செய்து அனுப்பியிருப்பார். எடுத்துப் பாருங்கள்: வங்கியின் செய்திகள் வங்கிப் பெயரைக் குறிக்கும் எழுத்துத் தலைப்பிலிருந்து வரும், அவர் அனுப்பியது சாதாரணமான 10 இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்திருக்கும். தலைப்பு சரியாகத் தோன்றினாலும் குறுஞ்செய்தியை நம்பி எதுவும் செய்யாதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

உண்மையிலேயே யாரோ ஒருவரின் பணம் தவறுதலாக உங்கள் கணக்குக்கு வந்துவிட்டாலும் நீங்களே திருப்பி அனுப்பக்கூடாது. உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள். அனுப்பியவர் அவருடைய வங்கியின் மூலமாகக் கேட்டுப் பெறட்டும். அந்தப் பணம் வேறொரு மோசடியில் பறிக்கப்பட்டதாக இருந்து, நீங்கள் அதை மூன்றாவது கணக்குக்கு அனுப்பிவைத்தால், விசாரணை உங்கள் கணக்குக்கும் வந்து நிற்கும். பணம் இழக்கவில்லை என்பதால் இதை அப்படியே விட்டுவிட வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி 2024 மார்ச் முதல் இருக்கிறது. மோசடி என்று ஐயப்படும் அழைப்பையும் செய்தியையும் அதில் தெரிவிக்கலாம். உங்களுக்கு அடுத்ததாக அவர் அழைக்கும் மாணவியின் கணக்கில் பணம் இருக்கக்கூடும் அல்லவா?

உங்கள் அப்பாவிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். அவர் யாரிடமாவது உங்கள் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அவரே உங்களை அழைத்து முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத எந்தப் பணத்தையும் நீங்கள் ஏற்கத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு வயது 71. "பெரியப்பா, யாருன்னு தெரியுதா?" என்று வெளிநாட்டு எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. கனடாவில் இருக்கும் என் தம்பி மகன் பெயரைச் சொல்லி, "நீயா தம்பி?" என்று கேட்டேன். ஆமாம் என்றான். குரல் மாறியிருக்கிறதே என்றதற்கு ஜலதோஷம் என்றான். விசா சிக்கல் ஒன்றில் மாட்டியிருப்பதாகவும், எனக்கு 9 லட்சம் ரூபாய் அனுப்பியிருப்பதாகவும், அது வந்து சேர ஒரு நாள் ஆகும் என்பதால் அதற்குள் இங்குள்ள முகவருக்கு 2 லட்சம் கொடுத்துவிடும்படியும் கேட்டான். பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப்பில் வந்தது. என் மனைவி தடுத்திராவிட்டால் அனுப்பியிருப்பேன். தம்பி பிள்ளையிடம் போய் "நீ உண்மையில் அவன்தானா" என்று கேட்பது முறையாகுமா? அவன் மனம் நோகாதா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகவே இந்தப் பகுதியை எழுத வேண்டும் என்று தோன்றியது, ஐயா. நம் குடும்பங்களில் உறவு சொல்லி அழைத்தவரை விசாரிப்பது அவமதிப்பு என்று நினைக்கிறோம். ஆபத்தில் இருப்பவனிடம் கேள்வி கேட்பது ஈரமற்ற செயல் என்றும், பணம் கேட்டவனைக் காத்திருக்க வைப்பது கௌரவக் குறைவு என்றும் நினைக்கிறோம். மோசடிக்காரர்களுக்கு நம் கணக்கு எண்ணைவிட இந்த நினைப்புதான் பெரிய முதலீடு. உங்கள் தம்பி மகன் உண்மையிலேயே சிக்கலில் இருந்தால், பெரியப்பா இரண்டு நிமிடம் செலவிட்டு உறுதி செய்துகொண்டார் என்பதற்காக வருந்தமாட்டான். தன் பெயரைச் சொல்லி யாரோ உங்கள் சேமிப்பைக் கொண்டுபோனதை அறிந்தால்தான் வாழ்நாளெல்லாம் வருந்துவான்.

அந்த உரையாடலை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவன் தன் பெயரைச் சொல்லவே இல்லை, நீங்கள்தான் சொன்னீர்கள். "யாருன்னு தெரியுதா?" என்ற கேள்வி, வெளிநாட்டில் யாராவது உறவினர் இருக்கக்கூடிய எந்த வீட்டுக்கும் பொருந்தும் தூண்டில். அதற்குச் சரியான மறுமொழி, "தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்பதுதான். ரசீதுப் படத்தை யாரும் கணினியில் தயாரித்துவிடலாம். எவருக்கேனும் 9 லட்சம் ரூபாய் அனுப்பும் வசதி இருந்தால், அதை முகவருக்கே நேரடியாக அனுப்ப அவரால் முடியாதா என்ற ஒரு கேள்விக்கு அந்தக் கதையில் பதில் இல்லை.

உங்கள் குடும்பத்தில் எல்லோரும் கூடும் அடுத்த நிகழ்ச்சியில், பொங்கலோ திருமணமோ எதுவாக இருந்தாலும், ஒரு முடிவை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துவிடுங்கள். பணம் பற்றிய பேச்சு தொலைபேசியில் வந்தால், கேட்பவர் யாராக இருந்தாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண்ணுக்கு நாமே அழைத்துப் பேசுவோம் என்பதே அந்த முடிவு. வீட்டின் மூத்தவரான நீங்களே இதை அறிவித்தால், "என்னிடம் பணம் கேட்கும் பிள்ளைகளும் இப்படிச் சோதிக்கப்படுவார்கள், நான் கேட்டால் நீங்களும் என்னைச் சோதியுங்கள்" என்று சொன்னால், அதன் பிறகு யாருக்கும் அதில் மனத்தாங்கல் இருக்காது. விசாரிப்பது குடும்ப வழக்கமாகிவிட்டால் அது யாரையும் குறிவைத்த சந்தேகமாகத் தோன்றாது.

அடையாளச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளும்படியும் பலர் அறிவுரை சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் குலதெய்வத்தின் பெயர், சொந்த ஊர், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் போன்றவற்றை வைக்கக்கூடாது. இவை திருமணப் பத்திரிகையிலும் முகநூலிலும் கிடைக்கின்றன. அந்தச் சொல்லைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் எழுதவும் கூடாது. நேரில் சொல்லி நினைவில் வைப்பதே வழி. வயதானவர்களுக்குப் பதற்றத்தில் சொல் மறந்துவிடும் என்பதால், அடையாளச் சொல்லைவிடத் திருப்பி அழைக்கும் வழக்கத்தையே நான் பெரிதும் நம்புகிறேன். உங்களைத் தடுத்த உங்கள் துணைவியார் செய்ததும் ஏறத்தாழ அதுதான். பணம் அனுப்பும் முன் வீட்டில் இன்னொருவரிடம் சொல்வது என்ற ஒன்றே பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

கேள்வி: குரலை நம்ப முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் அல்லவா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: போதாது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில், ஓய்வுபெற்ற ஒருவருக்கு அவருடைய முன்னாள் சக ஊழியரின் பெயரில் வாட்ஸ்அப் செய்தியும் அழைப்பும் வந்தன. துபாய் விமான நிலையத்தில் இருப்பதாகவும், உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு உடனடியாக 40,000 ரூபாய் தேவை என்றும் சொல்லப்பட்டது. அவர் எச்சரிக்கையானவர், முகத்தைக் காட்டச் சொன்னார். சில நொடிகள் நண்பரின் முகமே தெரிந்தது. பணத்தை அனுப்பினார். மேலும் 35,000 ரூபாய் கேட்டபோதுதான் ஐயம் எழுந்து, நண்பரின் பழைய எண்ணுக்கு அழைத்தார், மோசடி வெளிப்பட்டது. நல்வேளையாகக் கேரளக் காவல்துறை பணம் போன கணக்கைக் கண்டுபிடித்து அந்தத் தொகையை மீட்டது.

முகத்தின் முன் கையை அசைக்கச் சொல்வது, பக்கவாட்டில் திரும்பச் சொல்வது போன்ற சோதனைகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இன்றைக்குச் சில வேளைகளில் அவை பயன்படலாம். ஆனால் இந்தக் கருவிகள் மாதத்துக்கு மாதம் தேறிவருகின்றன. நம் கண் அவ்வளவு வேகமாகத் தேறாது. அந்தக் கோழிக்கோட்டுக்காரரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய செயலும் கடைசியில் அவர் செய்ததும் ஒன்றே: பழைய எண்ணுக்கு அழைத்தது. அதை முதல் 40,000 ரூபாய்க்கு முன்பே செய்வதுதான் நாம் கற்க வேண்டியது.

கேள்வி: கூரியர் வந்திருக்கிறது, விநியோகிப்பவரைத் தொடர்புகொள்ள இந்த எண்ணை அழுத்துங்கள் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நட்சத்திரக் குறியோடு ஓர் எண்ணை அழுத்தினேன். அன்று மாலையே என் வாட்ஸ்அப் போய்விட்டது. என் பெயரில் உறவினர் பலருக்கும் "அவசரமாக 10,000 வேண்டும், நாளை தருகிறேன்" என்று செய்தி சென்றிருக்கிறது. இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பித் தர வேண்டுமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: அந்த எண் உங்களுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் அவர்களுடைய எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. அதன் பிறகு வாட்ஸ்அப் பதிவுக்கான ஆறு இலக்கக் குறியீட்டைக் குரல் அழைப்பாகக் கேட்டு அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். பெரும்பாலான இணைப்புகளில் ##002# என்று அழுத்தினால் திருப்பிவிடல்கள் நீங்கும். கைப்பேசியின் அழைப்பு அமைப்புகளில் 'கால் ஃபார்வர்டிங்' பகுதியிலும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்த பிறகே வாட்ஸ்அப்பை மீட்க முயலுங்கள். இல்லாவிட்டால் புதிய குறியீடும் அவர்களுக்கே போகும்.

பிறகு உங்கள் எண்ணை வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்யுங்கள். குறியீட்டை நீங்கள் உள்ளிட்ட உடனே திருடர் வெளியேற்றப்படுவார். அவர் இரு படிச் சரிபார்ப்பு எண் (குறியீட்டோடு கூடுதலாகக் கேட்கப்படும் ரகசிய எண்) ஒன்றை வைத்துவிட்டிருந்தால், நீங்கள் உள்ளே செல்ல 7 நாள் காத்திருக்க நேரும். ஆனால் அந்த நாட்களில் அவராலும் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாது. உள்ளே சென்றதும் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்துத் தெரியாதவற்றை நீக்கி, இரு படிச் சரிபார்ப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதை இன்னும் வைக்காத வாசகர்கள் இன்றே வைத்துவிடலாம்.

பணத்தைத் திருப்பித் தரும் கடமை சட்டப்படி உங்களுக்கு இல்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு நீங்கள் எதையும் செய்யவில்லை, நீங்களும் பாதிக்கப்பட்டவரே. ஆனால் "அது நான் இல்லை" என்று ஒரு வரி நிலைத்தகவல் வைத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அந்த இருவரையும் நேரில் அழைத்துப் பேசுங்கள். அவர்கள் அனுப்பிய பணத்துக்கான 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், அந்த உரையாடலின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து அவர்கள் பெயரில் புகார் பதிய உதவுங்கள். உங்கள் கணக்கு திருடப்பட்டது குறித்து நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள். காவல் நிலையத்துக்கு அவர்களோடு கூடவே போய் நிற்பவரைப் பார்த்து யாரும் கோபத்தை நீட்டிக்கமாட்டார்கள்.

கேள்வி: என் அத்தை எண்ணிலிருந்தே "திருமண அழைப்பிதழ்" என்று ஒரு கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. எண் உண்மையானது. திறக்கலாமா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: கோப்பின் பெயர், செயலியை நிறுவும் கோப்பைக் குறிக்கும் 'ஏபிகே' (apk) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிந்தால் திறக்கக்கூடாது. அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப் கோப்பாக வரும், காணொளியாக வரும். செயலியாக ஒருநாளும் வராது. அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து வங்கியின் ஓடிபியை எடுத்துக்கொள்ளும். உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கும் தன்னையே அனுப்பிவைக்கும். உங்கள் அத்தையின் கைப்பேசி ஏற்கெனவே அப்படிப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். உடனே அவரை அழைத்துச் சொல்லுங்கள். அந்தக் கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தாவும் பாட்டியும் பட்டுக்கோட்டை அருகே தனியாக இருக்கிறார்கள். ஸ்மார்ட்போனைப் பிடுங்கிவிட்டுச் சாதாரண போன் கொடுத்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். அது சரியா? (ஒரு வாசகி, பெங்களூரு)

பதில்: சரியென்று எனக்குப் படவில்லை. பேரப் பிள்ளைகளின் முகத்தை அவர்கள் அன்றாடம் பார்ப்பது அந்தக் கைப்பேசியில்தான். ஒரு மோசடிக்காரருக்கு அஞ்சி அதைப் பறிப்பது அவர்களுக்கு வேறு விதமான தண்டனை. மேலும், காவலர் வேடத்திலும் பேரன் வேடத்திலும் வரும் அழைப்பு சாதாரண போனுக்கும் வரும்.

கைப்பேசியில் செய்யக்கூடியவற்றை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஓர் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். வாட்ஸ்அப் அமைப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். சுயவிவரப் படம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல், மாதச் செலவுக்கான சிறு தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கை இணைத்துக் கொடுங்கள். அன்றாட உச்சவரம்பைக் குறைத்துக்கொள்ளவும் பல வங்கிகள் இடம் தருகின்றன. யுபிஐ ரகசிய எண்ணைப் பணம் அனுப்புவதற்கு மட்டுமே அழுத்த வேண்டும், பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவைப்படாது என்பதை அவர்களையே செய்யவைத்துக் காட்டுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது வீட்டில் நடக்கும் பேச்சு. ஏமாந்துபோன முதியவர்கள் பலர், பிள்ளைகள் திட்டுவார்கள் என்று அஞ்சி நாள்கணக்கில் மறைக்கிறார்கள். அந்த நாட்களில்தான் பணம் கைக்கெட்டாத தூரம் போகிறது. "எவ்வளவு போனாலும் பரவாயில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம், உடனே எனக்கு ஒரு போன் மட்டும் போடுங்கள்" என்று உங்கள் பாட்டியிடம் இப்போதே சொல்லுங்கள். உங்கள் மாமாவையும் சொல்லவையுங்கள். உங்கள் எண், மாமாவின் எண், 1930 ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பேசி வைக்கும் இடத்தருகே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: 1930க்கு அழைத்தால் சில வேளைகளில் இணைப்புக் கிடைப்பதில்லை. அதுவரை என்ன செய்வது? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் மற்றொருவர் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யத் தொடங்கலாம். இரண்டும் மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் ஒரே அமைப்பிடம்தான் சென்று சேர்கின்றன. உங்கள் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கும் அழைத்துப் பரிவர்த்தனையைத் தெரிவித்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காமல், உங்கள் ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதையே பயன்படுத்துங்கள். போலியான சேவை எண்களை இணையத்தில் விதைத்துவைப்பதும் இதே கூட்டத்தார்தாம். மாவட்டத் தலைநகரில் இணையக் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே போவது சிரமமாக இருந்தால் அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை தங்களுடையதன்று என்று அவர்கள் திருப்பி அனுப்பக் கூடாது. போகும்போது பரிவர்த்தனை எண், பணம் சென்ற யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண், அழைத்த எண், நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த எண்ணைத் தடை செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.